ஆசிரியத் தொழிலை ஆசிரியரிடமே கேட்டறிதல்

(யேர்மனி, ஊன்ட்றொப்பில் இடம்பெற்ற பெற்றோர் – இளையோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஊன்ட்றொப் என்றதும் ஐரோப்பாவில் வாழும் தமிழர்களின் நினைவுக்கு வருவது ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயமே. ஹம் நகரில் ஒரு நிலவறையில் 1989 இல் தொடங்கிய வழிபாடு, 2002 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் இவ்வூரின் தொழிற்சாலைப் பகுதியில் இராசகோபுரத்துடன் குடமுழுக்குக் கண்டது. அதற்கு முன்னர் யேர்மனிய மக்கள் இவ்வூரை அறிந்திருந்தது, 1989 இல் மூடப்பட்ட அணுமின் நிலையத்தின் பெயரால். இன்று தேர்த்திருவிழாவின் பெயரால் அறிகின்றார்கள்.

அத்தேர்த்திருவிழாவில் ஆண்டுதோறும் காணக்கூடிய ஒரு காட்சி உண்டு. வடம் பிடித்துக் களைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு பிள்ளைகளுடன் நின்றுகொண்டிருக்கும் ஐம்பத்தைந்து வயதுத் தந்தை ஒருவர், கூட்டத்தில் வரும் ஒரு முதியவரைக் கண்டதும் பதறிப்போய்ச் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கைகளைக் கட்டி, தலைகுனிந்து நிற்பார். "சேர், என்னைத் தெரிகின்றதா?" என்று கேட்கும்போது அவருடைய குரலே மாறிவிடும். வீட்டிலும் வேலைத்தலத்திலும் எவருக்கும் அஞ்சாத தந்தை இவ்வாறு சிறுபிள்ளையாகி நிற்பதைக் கண்ட பிள்ளைகள் வியப்படைந்து, அவர் யார் என்று கேட்பார்கள். "எனக்குப் படிப்பித்த மாஸ்ரர்" என்று விடை வரும். அத்துடன் அப்பேச்சு முடிந்துவிடும். முதியவர் கூட்டத்தில் மறைந்துவிடுவார்.

அப்பேச்சு அவ்விடத்தில் முடிந்துவிடக்கூடாது என்பதை வலியுறுத்துவதே இவ்வுரையின் நோக்கம். அந்த மாஸ்ரர் நாற்பது ஆண்டுகளாக என்ன செய்தார், எப்படிச் செய்தார், எதில் தவறினார் என்பதை அப்பிள்ளைகளில் ஒருவராவது அமர்ந்து கேட்க வேண்டும். சிறப்பாக, ஆசிரியராக வரலாமா என்று மனத்துள் ஓர் எண்ணம் வைத்திருக்கும் பிள்ளை கேட்க வேண்டும்.

'ஆசிரியத் தொழிலைப் பற்றிக் கேட்டறிய என்ன இருக்கின்றது? பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வகுப்பில் இருந்து பார்த்ததுதானே!' என்று இளையோர் எண்ணுவது இயல்பு. அமெரிக்கச் சமூகவியலாளர் டான் லோர்ட்டி 1975 இல் வெளியிட்ட நூலொன்றில் இவ்வெண்ணத்தையே ஆராய்ந்தார். பொஸ்ரன் நகரை அண்டிய ஐந்து ஊர்களில் 94 ஆசிரியர்களை அவர் நேர்காணல் கண்டார். பாடசாலைக் கல்வியை முடிக்கும் ஒரு மாணவர் ஏறத்தாழ 13,000 மணித்தியாலங்கள் ஆசிரியர்களைப் பார்த்திருப்பார் என்று அவர் கணக்கிட்டார். வேறெந்தத் தொழிலையும் ஓர் இளைஞர் இவ்வளவு நேரம் அருகிருந்து பார்ப்பதில்லை. ஆயினும் மாணவர் பார்ப்பது கூத்தின் முன்பக்கத்தை மட்டுமே. ஒப்பனை அறைக்குள் நடப்பது அவருக்குத் தெரியாது. இக்கேள்வியை ஆசிரியர் ஏன் இப்பிள்ளையிடம் கேட்டார், அப்பிள்ளையிடம் கேட்கவில்லை, முதல்நாள் இரவு எதைத் திட்டமிட்டார், பாடத்தின் நடுவில் ஏன் அதைக் கைவிட்டார் என்பவை மாணவரின் வாங்கிலிருந்து பார்த்தால் தெரிவதில்லை. இதனால் தமக்குத் தொழில் தெரியும் என்ற நம்பிக்கையுடன் வந்து, தாம் கண்ட ஆசிரியர்களையே போலச் செய்பவர்கள் பலர் என்பது லோர்ட்டியின் முடிவு. பார்த்துத் தெரியாததைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

பெற்றோருக்கும் இது பொருந்தும். நோர்த்றைன் வெஸ்ற்பாலியா மாநிலத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் வாராந்தக் கற்பித்தற் கடமை 28 பாடவேளைகள். ஒரு பாடவேளை 45 நிமிடங்கள். பெருக்கிப் பார்த்தால் 21 மணித்தியாலங்கள் வரும். 'மத்தியானத்தோடு வீடு, ஆறு கிழமை கோடை விடுமுறை, பிறகென்ன கவலை' என்ற பேச்சு இக்கணக்கிலிருந்து பிறப்பதே. அரச ஊழியரான ஆசிரியரின் வேலைநேரம் ஏனைய அரச ஊழியருடையதைப் போன்றே கணிக்கப்படுகின்றது என்பதும், மீதி நேரம் கொப்பி திருத்துவதிலும் பாட ஆயத்தத்திலும் ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோருடனான உரையாடல்களிலும் கரைகின்றது என்பதும் வெளியே தெரிவதில்லை. நான்காம் வகுப்பு முடிவில் பிள்ளை கிம்நாசியம் செல்லலாமா என்று ஆசிரியர் எழுதும் பரிந்துரையை வாங்கி வாசித்து மகிழ்ந்த, அல்லது மனம் நொந்த பெற்றோர் இங்கே பலர் இருப்பார்கள். அப்பரிந்துரையை எழுதியவர் அதற்காக எத்தனை நாள் அப்பிள்ளையைக் கவனித்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

மருத்துவர், பொறியியலாளர், கணினித்துறை என்று மூன்று பாதைகளே எமது வீடுகளில் பேசப்படுகின்றன. ஆசிரியத் தொழில் நான்காவதாகக்கூட வருவதில்லை. தாயகத்தில் நிலைமை இவ்வாறு இருந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிய காலம் முதல், கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஹண்டி பேரின்பநாயகத்தின் காலம் வரை, யாழ்ப்பாணச் சமூகத்தை வழிநடத்தியோரில் ஆசிரியர்களுக்கு முதன்மையான இடம் இருந்தது. 1927 இல் காந்தி அடிகளை யாழ்ப்பாணத்திற்கு அழைத்து வந்த இளைஞர் இயக்கத்தின் முன்னணியில் நின்றவர் அந்தப் பேரின்பநாயகமே.

அவ்வாறிருந்த சமூகம் புலம்பெயர்ந்த மண்ணில் ஏன் பின்வாங்கியது? பெற்றோரைக் குறைகூறுவதற்கு முன்னர் அவர்கள் கண்டதைக் கருத்திற்கொள்ள வேண்டும். 1983 இற்குப் பின்னர் அகதிகளாக யேர்மனிக்கு வந்தோருள் பயிற்றப்பட்ட ஆசிரியர்களும் இருந்தனர். அவர்களுடைய சான்றிதழ்கள் இங்கே வேலைக்கு உதவவில்லை. இந்நாட்டில் பாடசாலை ஆசிரியராவதற்கு இரண்டு பாடங்களேனும் பல்கலைக்கழகத்தில் கற்றிருக்க வேண்டும், மொழி வேண்டும், வதிவிட உரிமை வேண்டும். அகதிகளாக வந்த ஆசிரியர்களைப் பாடசாலைகளுக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம் பீலபெல்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 2017 இல். எண்பதுகளில் வந்தவர்களுக்கு அது முப்பது ஆண்டுகள் பிந்தியது. கணிதம் படிப்பித்தவர் உணவகத்தில் கோப்பை கழுவியதை நேரிற் கண்ட ஒருவர், தம்பிள்ளை ஆசிரியராவதை விரும்பாதது வியப்பன்று. ஆனால் அந்த அச்சம் தந்தையின் வாழ்க்கையிலிருந்து வந்தது. இங்கே பிறந்து, இங்கேயே அபிற்றூர் சித்தியடைந்து, இந்நாட்டுக் குடியுரிமையும் பெற்ற மகளுக்கு அது அப்படியே பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு மாணவியின் அனுபவத்தைச் சற்று விரிவாகக் கூறுவது பொருத்தமாகும். பெயர் தேவையில்லை. ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக வர விரும்பியவள். தந்தையோ தகவல் தொழில்நுட்பம் படிக்கச் சொன்னவர். 'முதலில் ஒரு ரீச்சருடன் பேசிப் பார்க்கட்டும், பிறகு முடிவெடுப்போம்' என்று தாயார் நடுவழி கண்டார். தாயகத்தில் பதினாறு ஆண்டுகளும், இங்கு வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் இருபத்தைந்து ஆண்டுகளும் கற்பித்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியையிடம் அவள் சென்றாள்.

முதற்சந்திப்பு தோல்வியில் முடிந்தது. "ரீச்சர், இந்தத் தொழில் உங்களுக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டாள். "பிடித்திருந்தது பிள்ளை" என்று விடை வந்தது. "நல்ல ஆசிரியருக்கு என்ன தகுதி வேண்டும்?" என்று கேட்டாள். பொறுமை, அன்பு, அர்ப்பணிப்பு என்று விடை வந்தது. பின்னர் தேநீரும் வடையும் வந்தன. ஒரு மணித்தியாலத்தில் வீடு திரும்பியவளின் கொப்பியில் இருந்தவை, எந்த வாழ்த்து மடலிலும் காணக்கூடிய மூன்று சொற்களே. பிழை ஆசிரியையுடையதன்று. பொதுவான கேள்விக்குப் பொதுவான விடையே வரும்.

இரண்டாம் முறை அவள் வேறு விதமாகக் கேட்டாள். "பாடசாலையில் ஒரு திங்கட்கிழமையைக் காலை எழுந்ததிலிருந்து சொல்லுங்கள், ரீச்சர்." ஆசிரியை சிரித்தார். பின்னர் பேசத் தொடங்கியவர் இரண்டு மணித்தியாலங்கள் நிறுத்தவில்லை. ஞாயிறு இரவு குப்பி விளக்கில் பாடக்குறிப்பு எழுதியது, முதல் மணியடித்ததும் இடாப்பு எடுத்தது, வராத பிள்ளையின் பெயருக்கு நேரே புள்ளடி இடுவதற்கு முன் அதன் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் காரணம் கேட்டது, நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் உள்ள அரிவரி வகுப்பில் பின்வாங்குப் பிள்ளைக்கும் தெரியும்படி வெண்கட்டியை எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்பது எல்லாம் வந்தன. நெடுங்கணக்கு அ, ஆ என்று தொடங்கினாலும், கைக்கு எளிதான ட, ப, ம ஆகியவற்றையே முதலில் எழுதப் பழக்கியதையும், அவற்றைக் கொண்டு 'படம்' என்ற சொல்லை முதல் வாரத்திலேயே பிள்ளை தானாக வாசிக்கும்போது அதன் முகத்தில் தோன்றும் மாற்றத்தையும் அவர் கூறினார்.

அதன்பின் மாணவி கேட்ட கேள்வியே இவ்வுரையில் நினைவில் நிறுத்த வேண்டியது. "ரீச்சர், நீங்கள் பிழையாகச் செய்து, பிறகு திருத்திக்கொண்டது ஏதாவது உண்டா?"

இங்கே தமிழ்ப் பாடசாலையில் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில் சில பிள்ளைகள் 'கெ' என்ற எழுத்தில் ஒற்றைக்கொம்பைக் ககரத்துக்குப் பின்னால் எழுதினார்கள். 'கொ' எழுதும்போது கொம்பும் அரவும் இரண்டுமே பின்னால் வந்தன. கவனயீனம் என்று கருதி ஆசிரியை ஓராண்டு காலம் சிவப்பு மையால் வெட்டினார். பத்து முறை எழுதி வரும்படி பணித்தார். பிள்ளைகள் வீட்டில் சரியாக எழுதி வந்து, வகுப்பில் மீண்டும் அதே பிழையை விட்டார்கள். ஒருநாள் அவர் சினத்தை அடக்கி, ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை அருகில் அழைத்து, ஏன் அப்படி எழுதுகிறாய் என்று கேட்டார். "முதலில் 'க்' கேட்கிறது, பிறகுதான் 'எ' கேட்கிறது" என்று அவன் சொன்னான்.

அவன் சொன்னது சரியே. யேர்மனியப் பாடசாலையில் அவன் படித்த முதலாம் வகுப்பில், கேட்கும் ஒலியை, கேட்ட ஒழுங்கிலேயே எழுதப் பழக்கியிருந்தார்கள். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யூர்கன் றைஹன் என்ற கல்வியாளர் உருவாக்கிய, 'எழுதுவதன் வழியே வாசித்தல்' என்ற முறை இந்நாட்டுப் பாடசாலைகள் பலவற்றிற் பரவியிருந்த காலம் அது. பிள்ளை அங்கே கற்ற விதியை இங்கே நேர்மையாகக் கடைப்பிடித்திருக்கின்றது. தாயகத்தில் இப்பிழையை அவர் அரிதாகவே கண்டவர். ஆதலால் இதற்கு விடை அவருடைய பயிற்சிக் கலாசாலைக் குறிப்புகளில் இருக்கவில்லை. அன்றிலிருந்து, "தமிழில் கொம்பு காதுக்குப் பிந்தி, கண்ணுக்கு முந்தி" என்று சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார். வெட்டுவது நின்றது.

கணினித்துறையினருக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. யூனிகோட் முறையில் 'கெ' என்ற எழுத்து கணினிக்குள் சேமிக்கப்படும்போது, ககரம் முதலிலும் கொம்பு பின்னரும் வைக்கப்படுகின்றன. திரையில் காட்டும்போதுதான் கொம்பு முன்னால் வருகின்றது. அச்சிறுவன் எழுதிய ஒழுங்கும் அதுவே. திஸ்கி எழுத்துருக்களைப் பயன்படுத்தியவர்கள், அங்கே கொம்பு முன்னரே தட்டச்சாகிச் சேமிக்கப்பட்டதை நினைவுகூர்வார்கள்.

இந்த ஒரு செய்தியிலிருந்து அம்மாணவி கற்றுக்கொண்டது, முதற்சந்திப்பில் எழுதிய 'பொறுமை' என்ற சொல்லைவிட எவ்வளவோ பெரிது. பிழையைத் திருத்துவதற்கு முன்னர் அது எங்கிருந்து வருகின்றது என்று பார்ப்பது ஆசிரியரின் வேலை. அதைப் பாடநூலில் படிக்கலாம். ஆனால் ஓராண்டு காலம் பிழையாகச் செய்தவரின் வாயிலிருந்து கேட்கும்போது அது வேறு விதமாக மனத்தில் தங்கும்.

கடினமான கேள்வி ஒன்றும் இருந்தது. பிரம்பு.

தாயகப் பாடசாலைகளில் அடி வாங்காத எமது தலைமுறையினர் குறைவு. 'அந்த அடியால்தான் ஆளானோம்' என்று பெருமையாகச் சொல்லும் தந்தையர் இச்சபையிலும் இருக்கலாம். யேர்மனியில் பாடசாலைத் தண்டனையாக அடிப்பதற்கு இடமில்லை என்பது மட்டுமன்று, வீட்டிலும் வன்முறையின்றி வளர்க்கப்படும் உரிமை 2000 ஆம் ஆண்டு முதல் பிள்ளைகளுக்குச் சட்டத்தால் வழங்கப்பட்டுள்ளது. இலங்கையிலும் பாடசாலைகளில் உடற்தண்டனையைத் தடுக்கும் சுற்றறிக்கையைக் கல்வி அமைச்சு 2005 இல் வெளியிட்டது. மாணவி தயங்கித் தயங்கி, "ரீச்சர், நீங்கள் அடித்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். ஆசிரியை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், அடித்ததுண்டு என்றார். எல்லோரும் அடித்தார்கள், தானும் அடித்ததாகவும், அடித்தால் வகுப்பு அமைதியாகும், ஆனால் அந்த அமைதியில் எந்தப் பிள்ளைக்குப் பாடம் விளங்கவில்லை என்பது தெரியாமற் போய்விடும் என்றும் சொன்னார். இங்கே வந்து பிரம்பில்லாமல் கற்பித்த முதலாண்டு தனக்கு மிகக் கடினமாக இருந்ததென்றும், சத்தத்தைத் தாங்கப் பழகிய பின்னரே பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள் என்றும் கூறினார். ஒரு மாணவனின் பெயரைச் சொல்லி, அவனிடம் ஒருநாள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். அப்பகுதியை ஒலிப்பதிவிலிருந்து நீக்கிவிடும்படியும் கேட்டுக்கொண்டார். அவள் நீக்கிவிட்டாள்.

இத்தகைய கேள்வியை முதல் நாளிற் கேட்க முடியாது, கேட்கவும் கூடாது. மூத்தோரிடம் கேட்பதற்கு ஒரு பக்குவம் வேண்டும். ஒலிப்பதிவுக் கருவியை மேசையில் வைக்கும் முன்னர் அனுமதி பெற வேண்டும். அவர் வேண்டாமென்றால் எழுதிக்கொள்ளலாம். சொன்னதை இணையத்தில் இடுவது பற்றித் தனியாகக் கேட்க வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளக்கூடாது. கருத்தைக் கேட்பதைவிட நடந்ததைக் கேட்பது நல்லது. நடந்ததைக் கேட்பதைவிடப் பொருளைக் காட்டச் சொல்வது இன்னும் நல்லது. பழைய பாடக்குறிப்புக் கொப்பி ஒன்று, வகுப்புப் படம் ஒன்று, ஒரு மாணவர் எழுதிய கடிதம் ஒன்று கையில் வந்துவிட்டால், கேள்வியே தேவைப்படாது. அவர் பேசாமல் இருக்கும் இடைவெளியை அடுத்த கேள்வியால் நிரப்பிவிடவும் கூடாது. பெரும்பாலும் சிறந்த விடை அந்த இடைவெளிக்குப் பின்னரே வருகின்றது. பணத்தைப் பற்றியும் கேட்கலாம். முதற்சம்பளம் எவ்வளவு, அதில் வீட்டுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலான மூத்தோர் மகிழ்ச்சியுடன் சொல்வார்கள்.

ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்துவதும் போதாது. தாயக ஆசிரியரின் அனுபவம் இங்குள்ள பாடசாலையின் முழு நிலையையும் காட்டாது. இப்போது கடமையிலிருக்கும் யேர்மனிய ஆசிரியர் ஒருவரிடமும் அதே திங்கட்கிழமைக் கேள்வியைக் கேட்க வேண்டும். இம்மாநில அரசின் தாய்மொழி வகுப்புகளில் தமிழும் ஒன்று. அவ்வகுப்புகளின் ஆசிரியர்கள் இரண்டு உலகங்களையும் அறிந்தவர்கள், அவர்களிடமும் கேட்கலாம்.

காலமும் பொருந்தி வர வேண்டும். இம்மாநிலத்தில் ஆசிரியர் கல்வி என்பது மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை, அதன் பின்னர் 18 மாதப் பாடசாலைப் பயிற்சிக் காலம் என அமைந்துள்ளது. இளநிலைப் படிப்பின்போதே, இத்தொழில் தனக்கு ஏற்றதா என்று கண்டறிவதற்காக 25 நாட்கள் ஒரு பாடசாலையில் இருக்க வேண்டும். அந்த 25 நாட்களுக்கு முன்னர் நேர்காணல் நடந்துவிட்டால், வகுப்பில் எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்கும். அம்மாணவி, பிள்ளைகளின் பிழைகளை மட்டும் ஒரு தனிக் கொப்பியில் குறித்து வந்தாளாம்.

தேர்த்திருவிழா நாளில் நேர்காணல் செய்ய முற்பட வேண்டாம் என்பதையும் இளையோருக்குச் சொல்லி வைக்கலாம். நாதசுரமும் தவிலும் கூட்டமும் வெயிலும், போதாததற்கு முதியவரின் முழங்கால் வலியும் இடங்கொடா. அன்று செய்யக்கூடியது, தந்தை கைகட்டி நிற்கும்போது அருகில் சென்று வணக்கம் சொல்லி, தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்குவதும், அடுத்த மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வதுமே. அதனை அடுத்த ஆண்டுத் தேருக்குத் தள்ளிப்போடக்கூடாது. எண்பதுகளில் முப்பது வயதில் வந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். சென்ற தேரில் கண்ட சிலர் இந்தத் தேருக்கு வரவில்லை.

அம்மாணவி இப்போது ஆசிரியர் கல்வியின் இரண்டாம் ஆண்டில் இருக்கின்றாள். தந்தை இன்னும் முழுமனதுடன் இணங்கவில்லை. எனினும், பிள்ளைகளின் பிழைகளைக் குறித்த அந்தக் கொப்பியை ஒருமுறை வாங்கி வாசித்திருக்கின்றார். ஆசிரியையின் பேச்சு ஐந்து மணித்தியால ஒலிப்பதிவாக உள்ளது. அதை மகளும் தாயும் ஞாயிறுதோறும் இருந்து எழுத்தாக்கி வருகின்றார்கள். இடாப்பு, புள்ளடி, அரிவரி ஆகிய சொற்கள் மகளுக்குத் தெரியாதவை. ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, தாயார் விளக்கம் சொல்லத் தொடங்கினால், அன்றைய வேலை அரைப்பக்கத்துடன் நின்றுவிடுகின்றதாம்.